எந்த மாசத்துலீங்க?

நாட்டுக் கறவைகளும் கொறங்காட்டு மேய்ச்சலும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய வடிவம்



அழைப்பிதழில் ‘இயற்கை மேய்ச்சல் முறையில் நாட்டுக் கறவைகளுக்கான தீவன மேலாண்மை’ என்று அச்சாகியிருக்கிறது. அந்தத் தலைப்பைக் கொடுத்தவன் நான்தான். கொடுத்த மறுநாளே வருத்தப்பட்டேன். ‘தீவன மேலாண்மை’ என்றதும் மூட்டையும் தராசும்தான் கண்ணுக்குத் தெரிகின்றன. நான் பேச வந்ததோ மூட்டைக்குள் அடங்காத ஒன்றை.

கால்நடை மருத்துவம் முடித்த புதிதில் மூலனூர்ப் பக்கம் ஒரு காட்டுக்குக் கணக்கெடுக்கப் போனேன். கையில் படிவம், மாட்டின் வயது, ஈத்து, நாளொன்றுக்குக் கறக்கும் பால் என்று கட்டம் கட்டமாக இருந்தது. வேலியோரம் நின்ற பெரியவரிடம் காங்கேயம் பசு ஒன்றைக் காட்டி, “இது எவ்வளவுங்க கறக்கும்?” என்றேன். அவர் மாட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, “எந்த மாசத்துலீங்க?” என்று கேட்டார்.

படிவத்தில் மாசத்துக்குக் கட்டம் இல்லை. நானாக ‘2 லிட்டர்’ என்று எழுதிக்கொண்டு திரும்பினேன். கால்நடை உணவியலை முப்பதாண்டுகளுக்கு மேல் பாடமாக நடத்திய பிறகுதான், அவர் கேட்டது என் படிவத்தைவிட மேலான அறிவியல் என்று புரிந்தது. மேய்ச்சலை நம்பி வாழும் மாட்டுக்குப் பால் அளவு என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த மாதத்தில், இந்தக் காட்டில், இந்த மழைக்குப் பிறகு என்று சேர்த்துத்தான் சொல்ல முடியும். ஆகவே மேய்ச்சல் மாட்டுக்குத் தீவனம் கொடுப்பது என்பது மாதங்களை ஒழுங்கு செய்யும் வேலை; மூட்டை அதில் ஒரு சிறு பகுதி. இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். ஏழு குறிப்புகளாகப் பிரித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

1

முதலில் நிலம். இங்கே பாதிப்பேருக்குக் கொறங்காடு தெரியும். சென்னையிலிருந்து வந்த மாணவர்களுக்காகச் சொல்கிறேன். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில், மூலனூர், அரவக்குறிச்சி வட்டாரத்தில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வந்துவிடும். சரளை மண். கிணற்றை நம்பி வெள்ளாமை வைத்தவர்கள் பலர் கடன்பட்டதுதான் மிச்சம். இந்த நிலத்தை உழாமல் புல்லுக்கே விட்டுவிடலாம் என்று யாரோ பல தலைமுறைக்கு முன் முடிவு செய்திருக்கிறார்கள்.

அந்த முடிவின் வடிவம்தான் கொறங்காடு. நாற்புறமும் முள்கிளுவை உயிர்வேலி. உள்ளே கொழுக்கட்டைப்புல். அதனூடே நரிப்பயறு போன்ற கொடிப் பயறுகள். ஆங்காங்கே குடை பிடித்தாற்போல் வெள்வேலமரம். இது ஊர்ப் பொதுப் புறம்போக்கு அல்ல, பட்டா நிலம். தன் புல்லைத் தானே காப்பாற்றிக்கொள்ளும் பொறுப்பு உரிமையாளருக்கு உண்டு. பொது மேய்ச்சல் நிலங்கள் எல்லாம் சீமைக்கருவேலத்துக்கு இரையான காலத்தில் கொறங்காடுகள் ஓரளவு தப்பியதற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன். ரசாயன உரம் போடாத, பூச்சிமருந்து அடிக்காத, ஏர் பூட்டாத நிலம். சான்றிதழ் என்ற சொல் பிறப்பதற்கு முன்பே இயற்கை மேய்ச்சல் நிலமாக இருந்தது.

இந்த நிலத்தில் உருவானதுதான் காங்கேயம் மாடு. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய மாடுகளைப் பற்றி லிட்டில்வுட் என்பவர் 1936இல் வெளியான தமது தென்னிந்தியக் கால்நடை நூலில் பதிவு செய்திருக்கிறார். இது உழவுக்கும் வண்டிக்கும் பேர்போன இனம். பால் இனம் என்று நான் சொல்ல மாட்டேன். ஓர் ஈத்துக்குச் சராசரி சுமார் 540 கிலோ பால் என்பதே ஏட்டிலுள்ள கணக்கு. பிறகு ஏன் கறவை பற்றிய உரைக்கு இதை எடுத்துக்கொண்டேன் என்று கேட்கலாம். மானாவாரி நிலத்தில் புல்லைத் தவிர எதுவும் வாங்காமல் பால் கறக்க முடியுமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நம் கண்முன்னே இருக்கும் விடை இதுதான். விடை சிறியதாக இருக்கலாம். அது ஏன் சிறியது என்று தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் தெளிவாகும்.

2

கணக்குக்கு வருவோம். மாணவர்கள் தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம்.

300 கிலோ எடையுள்ள ஒரு பசு. உயிரோடு இருக்க, உடல் சூடு காக்க, மூச்சுவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 2.4 கிலோ செரிமானச் சத்து வேண்டும். மேயப் போய்வருவதற்குக் கொஞ்சம் சேர்த்து 2.7 என்று வைப்போம். அதற்கு மேல் கிடைப்பதில் ஒவ்வொரு 330 கிராமுக்கும் ஒரு கிலோ பால் சுரக்கும்.

கார்த்திகை கடைசி. புல் பச்சை. பசு தன் எடையில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு, அதாவது உலர்நிலைக் கணக்கில் 7.5 கிலோ மேயும். அதில் 55 விழுக்காடு செரிக்கும் என்றால் 4.1 கிலோ சத்து. உடம்புக்கான 2.7 போக மீதி 1.4. அதை 0.33ஆல் வகுத்தால் நான்கு கிலோவுக்குச் சற்று மேல். கன்றுக்குப் பாதி, செம்புக்குப் பாதி. அன்று நான் எழுதிய ‘2 லிட்டர்’ இதுதான்.

இப்போது பங்குனி. அதே காடு, அதே பசு. புல் நின்றபடியே காய்ந்து வைக்கோலாகிவிட்டது. நார் கூடிவிட்டதால் இரைப்பையில் இடம் சீக்கிரம் அடைபடுகிறது. ஒரு வாய் செரித்து வெளியேறினால்தான் அடுத்த வாய்க்கு இடம். பசு 5.5 கிலோவுக்கு மேல் தின்னாது. செரிமானம் 45 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. கிடைக்கும் சத்து 2.5 கிலோ. உடம்புக்கே 2.7 வேண்டும். பாலுக்கு மிச்சம் இல்லை. உடம்பிலிருந்தே கொஞ்சம் எடுத்துத்தான் நாளை ஓட்ட வேண்டும்.

நான்கு மாத இடைவெளியில் நான்கு லிட்டரும் பூஜ்ஜியமும். எந்த மாசத்துலீங்க என்று கேட்டவர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் கேட்டார், தாளில்லாமல்.

3

இனி 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசு ஒன்றை அதே காட்டில் விடுவோம். நாளுக்கு 12 லிட்டர் கறக்கும் குருதி அதற்கு உண்டு. உடம்புக்கும் நடைக்கும் 3.3, பாலுக்கு 4, ஆக 7.3 கிலோ சத்து வேண்டும். கார்த்திகைப் புல்லில் அதற்கு 5.5 கிலோ கிடைக்கும். ஆறேழு லிட்டர் கறக்கும். காங்கேயத்தைவிட அதிகம்தான், மறைப்பானேன்? நாட்டு மாட்டைப் புகழ்வதற்காகக் கணக்கை வளைப்பவர்கள் அந்த மாட்டுக்கு நன்மை செய்வதில்லை.

வேறுபாடு பங்குனியில் தெரியும். காங்கேயம் பசு மடியை வற்றவிட்டுவிடும். கலப்பினப் பசுவுக்கு நிறுத்தத் தெரியாது. பல தலைமுறையாகப் பாலுக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட உடம்பு. தீனி குறைந்தாலும் முதுகுச் சதையைக் கரைத்துப் பாலாக்கிக்கொண்டிருக்கும். விலா எலும்பு தெரியும். அப்புறம் சினைப் பருவம் தள்ளிப்போகும். ஊசி போட்டும் நிற்காது. உரிமையாளர், “மாடு பிடிக்கலைங்க” என்று டாக்டரைத் தேடி வருவார். டாக்டர் நோயைத் தேடுவார். நோய் கொறங்காட்டில் காய்ந்து நிற்கும்.

நம் ஊரில் பால் வற்றுவதைக் குறையாகவே பார்க்கப் பழகிவிட்டோம். மேய்ச்சல் மாட்டுக்கு அது ஒரு திறமை. கையிருப்பு தீர்ந்ததும் செலவை நிறுத்தத் தெரிந்த குடும்பத்தலைவியின் திறமை. தகவமைப்பு என்று புத்தகத்தில் படிப்பதில் பெரும்பகுதி இதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. மீதியையும் சொல்லிவிடுகிறேன். திமில் உள்ள மாடுகளுக்கு உடம்பைக் காக்கும் செலவு ஐரோப்பிய இனங்களைவிட ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து குறைவு. வெயில் தாங்கும், வெயிலில் மேய்ச்சலை நிறுத்தாது. தீனியில் புரதம் குறைந்தால் இரத்தத்திலுள்ள யூரியாவை உமிழ்நீர் வழியாகவும் இரைப்பைச் சுவர் வழியாகவும் மறுபடி இரைப்பைக்குத் திருப்பிவிட்டு நுண்ணுயிர்களுக்கு உணவாக்கும் வேலையை இவை நன்றாகச் செய்கின்றன.

இது நம் ஊர்ப் பெருமை மட்டும் என்று எண்ண வேண்டாம். அயர்லாந்தின் மூர்பார்க் ஆராய்ச்சி நிலையத்தில் 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகள், வட அமெரிக்கப் பேரளவுக் கறவை வழியில் வந்த ஹோல்ஸ்டைன் பசுக்களையும் நியூசிலாந்துப் புல்லில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹோல்ஸ்டைன் பசுக்களையும் ஒரே பண்ணையில் வெவ்வேறு தீனி முறைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். அடர்தீவனம் கூட்டியபோது அமெரிக்க வழி மாடுகள் பாலைக் கூட்டிக்கொண்டே போயின. சினை பிடிப்பதிலும் உடம்பு நிற்பதிலும் நியூசிலாந்து வழி மாடுகளே மேலாக இருந்தன. இரண்டும் ஹோல்ஸ்டைன்தான். ஆக, ‘நாட்டு மாடா, சீமை மாடா’ என்பதைவிட ‘எந்தத் தீனியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாடு’ என்பதே நல்ல கேள்வி. நியூசிலாந்தில் பொலிகாளைகளைத் தரம் பிரிக்கும் மதிப்பெண்ணில் பசுவின் உடல் எடைக்குக் கழித்தல் குறி போடுகிறார்கள். எடை கூடினால் அந்த எடையைச் சுமக்கவே புல் செலவாகிறது என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் கண்காட்சி மேடைக்கு வரும் மாடு எவ்வளவு பெரியதோ அவ்வளவு பெரிய கோப்பை.

4

கோடையில் மாட்டுக்குப் பசி என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் பசி மாட்டுக்கு மட்டும் இல்லை. அதன் இரைப்பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்களுக்கும்தான். தின்ற தீனியில் நூற்றுக்கு ஏழு பங்காவது புரதம் இல்லாவிட்டால் அவை பெருகுவதில்லை. அவை பெருகாவிட்டால் நார் செரிப்பதில்லை. நார் செரிக்காவிட்டால் வயிற்றில் இடம் காலியாவதில்லை. காட்டில் புல் நின்றாலும் மாடு தின்னாமல் படுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பங்குனிக் கொழுக்கட்டைப்புல்லில் புரதம் ஐந்துக்கு அருகில்தான் இருக்கும்.

வழக்கமான பண்ணையில் இதற்கு யூரியாவைக் கரைத்து வைக்கோலில் தெளிப்பார்கள். இயற்கை முறையில் செயற்கை யூரியாவுக்கு இடமில்லை. அப்போது புரதம் எங்கிருந்து வரும்?

ஒரு கணக்கு: 5.5 கிலோ காய்ந்த புல்லில் 275 கிராம் புரதம். அதனோடு நம் காட்டுக் கடலையை ஆட்டிய புண்ணாக்கு அரைக் கிலோ. அதில் 200 கிராமுக்குக் குறையாத புரதம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் மொத்தத் தீனியில் புரதம் எட்டை ஒட்டி வந்துவிடும். அரைக் கிலோ புண்ணாக்கின் பயன் அதிலுள்ள சத்தோடு முடிவதில்லை. தின்னாமல் கிடந்த புல்லையும் தின்ன வைக்கிறது. இதுவே அடர்தீவனத்தைப் பற்றி நான் மாணவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது. மேய்ச்சல் மாட்டுக்கு அது புல்லைத் திறக்கும் சாவியாக இருக்க வேண்டும். நாளுக்கு நான்கைந்து கிலோ என்று போகும்போது அது புல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது; மாடு காட்டில் நின்றுகொண்டு மாலைச் சட்டியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடும்.

ஆனால் புண்ணாக்குக்கு முன்பே இந்தக் காட்டில் விடை இருந்தது. வெள்வேலமரம் மழைக்காலத்தை ஒட்டிப் பூத்து, சித்திரை வைகாசியில் காய் உதிர்க்கிறது. புல் மிக மோசமாக இருக்கும் வாரங்களில், காய்ந்த புல்லைவிட அதிகப் புரதமுள்ள தீனி மரத்திலிருந்து தானாக விழுகிறது. மாடும் ஆடும் நிழலில் படுத்தபடி பொறுக்கித் தின்கின்றன. கடினமான விதைகளில் பல செரிக்காமல் சாணத்திலும் புழுக்கையிலும் வெளியேறி அடுத்த மழைக்கு முளைக்கின்றன. கோடைக்கான தீவனக் கிடங்கை மாடே நட்டுக்கொள்கிறது. கொறங்காட்டில் மரம் நிழலுக்கு நிற்கிறது என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

புதிதாகப் புல்காடு போடுபவர்களுக்கு ஒன்று. மூன்று வரிசை கொழுக்கட்டைப்புல்லுக்கு ஒரு வரிசை முயல்மசால் விதையுங்கள். வேலியோரம் வேலிமசால். சூபாபுல் வைக்கலாம், ஆனால் அதையே முழுத் தீனியாக்கக் கூடாது. அதிலுள்ள மைமோசின் என்ற நச்சு உரோமத்தை உதிர்க்கும். எலும்பைக் கடிக்கும், துணியை மெல்லும் மாடு சேட்டை செய்வதாக விரட்டாதீர்கள்; பெரும்பாலும் அது பாஸ்பரஸ் கேட்கிறது. தவிடும் தாது உப்பும் வையுங்கள்.

இந்த இடத்தில் பொங்கலைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கால்நடை மருத்துவர் எவரையும் கேளுங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை அவருக்கு ஓய்வு கிடையாது. அன்பு மிகுதியில் ஒரு பானைச் சோறும் வாழைப்பழமும் வெல்லமும் ஊட்டிவிடுகிறோம். மாவுச்சத்து இரைப்பையில் நொதித்து அமிலம் பெருகி, நார் செரிக்கும் நுண்ணுயிர்கள் செத்து, மாடு விழுந்துவிடும். வருடம் முழுவதும் வெறும் புல்லில் இருந்த மாட்டுக்குத்தான் இது மிக ஆபத்து. நெற்றியில் பொட்டும் கழுத்தில் மாலையுமாகக் கிடந்த ஒரு கிடாரியின் வயிற்றைக் கிழித்துச் சோற்றை அள்ளி வெளியே போட்டிருக்கிறேன். பிழைத்தது. ஒரு கைப்பிடி போதும், ஐயா. மீதியை நாம் சாப்பிடுவோம்.

5

மாதங்களை ஒழுங்கு செய்வது என்று சொன்னேன் அல்லவா, அதற்கு வருகிறேன். மேய்ச்சல் பண்ணையில் மிகப் பெரிய தீவன முடிவு, பசுவைக் காளையோடு சேர்க்கும் நாளில் எடுக்கப்படுகிறது.

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 285 நாள். தை நடுவில் சேர்த்தால் ஐப்பசியில் ஈனும். ஈன்று ஆறிலிருந்து எட்டு வாரத்தில் பால் உச்சத்துக்கு வரும். அது மார்கழி, புல்லும் அப்போது நல்ல நிலையில் இருக்கும். கன்று மூன்று மாதத்தில் புல்லைக் கடிக்கப் பழகும்போது கடிக்கப் பச்சை இருக்கும். பசுவும் உடம்பு தேறிய நிலையில் மறுபடி தையில் பருவத்துக்கு வர வாய்ப்பு உண்டு. பங்குனியில் மடி வற்றும். வற்றினால் வற்றட்டும், வயிற்றுக் கன்றுக்கு இன்னும் பெரிய தேவை வரவில்லை. சினையின் கடைசி மூன்று மாதம் ஆடி, ஆவணி, புரட்டாசியில் விழுகிறது. அதற்குள் கோடை மழையும் தென்மேற்கின் சாரலும் கொஞ்சம் பச்சையைக் காட்டியிருக்கும். அந்த மூன்று மாதத்துக்குத்தான் சோளத்தட்டுப் போர்.

இதையே மாற்றிப் போடுங்கள். மாசியில் ஈன்ற பசு பால் உச்சத்துக்கு வர வேண்டிய வேளையில் பங்குனி வைக்கோலை மெல்கிறது. அதற்கு வாங்கிப் போடாமல் தீராது. வாங்கிய தீவனச் செலவை ‘பராமரிப்பு’ என்று குறிப்பேட்டில் எழுதுகிறோம்; தவறான மாதத்தில் ஈன்றதற்கான அபராதம் என்று எழுதினால் சரியாக இருக்கும்.

எல்லாப் பசுவும் ஆண்டுக்கொரு கன்று தராது. நாட்டு மாடுகளில் ஈத்து இடைவெளி நீளுவது சாதாரணம். ஊரில் பூச்சிக்காளை எனும் பொலிகாளை மந்தையோடு திரிந்த காலத்தில் பருவம் தவறாமல் பிடித்தது. இப்போது ஊசிக்காகக் காத்திருக்கிறோம். காங்கேயம் பசுவோ பருவத்தைச் சத்தம் போட்டு அறிவிக்கும் இனமல்ல. ஐந்தாறு வீட்டுக்கு ஒரு காளையைத் தை, மாசியில் மட்டும் மந்தையில் விட்டுப் பிறகு பிரித்துக் கட்டினால் ஈத்துக்காலம் ஓரளவு கூடிவரும்.

அடுத்தது காட்டை மூடித் திறக்கும் நாள். மழை விழுந்ததும் மாட்டை ஓட்டிவிடக் கூடாது. புல் வேரூன்றி, கதிர் தள்ளி, விதை சிந்தும் வரை படலைச் சாத்தி வைக்க வேண்டும். ஒரே காடாக இருந்தால் இது முடியாது. அதனால்தான் கிளுவை வேலியால் துண்டு துண்டாகப் பிரித்தார்கள். ஒன்றைத் திறக்கும்போது மற்றது ஓய்வில் இருக்கும். கறவையும் கன்றுத்தாயும் முதலில், எருதும் வற்று மாடும் பிறகு, செம்மறி கடைசியில். ஒரே காட்டில் பல தரத் தீனி இருப்பதை இந்த வரிசை பயன்படுத்திக்கொள்கிறது. நுனியும் இலையும் கறவைக்கு, தண்டு எருதுக்கும் வற்று மாட்டுக்கும், தரையோடு ஒட்டியது ஆட்டுக்கு.

எத்தனை மாடு விடலாம்? நல்ல ஆண்டில் ஏக்கருக்கு ஒரு டன் உலர்புல் என்று வைத்துக்கொள்வோம். பாதியைத் தொடக் கூடாது. அது வேருக்கும் மண்ணுக்கும் உரியது. மீதி 500 கிலோ. ஒரு பசுவுக்கு நாளுக்கு 6.3 கிலோ வீதம் ஆண்டுக்கு 2,300 கிலோ. ஆக ஒரு பசுவுக்கு நாலரை ஏக்கருக்கு மேல். தட்டுப்போரும் வெள்வேலங்காயும் இருந்தால் கொஞ்சம் குறையும். பத்து ஏக்கர் கொறங்காட்டில் பத்துப் பசு கட்டிவிட்டு, “நாட்டு மாடு கட்டுப்படியாகலைங்க” என்று சொல்பவரிடம் நான் மாட்டைப் பார்ப்பதில்லை. முதலில் புல்லின் உயரத்தைப் பார்க்கிறேன்.

6

சான்றிதழ் பற்றிச் சுருக்கமாக. அமெரிக்காவில் 2010இல் வந்த விதிப்படி, இயற்கைப் பால் என்று விற்க மாடு ஆண்டுக்குக் குறைந்தது 120 நாள் மேய வேண்டும்; மேய்ச்சல் பருவத்தில் அதன் உலர்தீனியில் 30 விழுக்காடாவது மேய்ச்சல் நிலத்திலிருந்தே வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அன்றாடத் தீனியில் 60 விழுக்காடு புல், வைக்கோல் போன்ற நார்த்தீனி என்று வைத்திருக்கிறது. ஈன்ற புதிதில் கறவைக்குச் சிறு தளர்வு உண்டு. சுவிட்சர்லாந்தின் பயோ சூயிஸ் அமைப்பு 2022 முதல் அடர்தீவனத்தை 5 விழுக்காட்டுக்குக் குறைத்துவிட்டது; தீவனம் முழுவதும் அந்நாட்டிலேயே விளைந்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், ‘மருந்தில்லாத தீவனம்’ என்ற கேள்வியிலிருந்து ‘யாருடைய நிலத்தில் விளைந்த தீவனம்’ என்ற கேள்விக்கு நகர்வது தெரியும்.

ஜார்ஜ் போர்க்ஸ்ட்ரோம் என்ற ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1960களில் ‘பேய் ஏக்கர்’ என்று ஒரு சொல்லை உண்டாக்கினார். ஒரு நாடு இறக்குமதி செய்யும் உணவுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத நிலம் இருக்கிறது என்பதற்காக. நாளுக்கு 5 கிலோ அடர்தீவனம் தின்னும் பசு 300 கறவை நாளில் ஒன்றரை டன் தின்கிறது. அந்த மக்காச்சோளமும் சோயாவும் எங்கோ ஒரு வயலில் தண்ணீரும் உரமும் குடித்து வளர்ந்தவை. கட்டுத்தரையில் நிற்கும் அந்தப் பசுவுக்கும் ஏக்கர் கணக்கு உண்டு. பட்டாதான் வேறு ஊரில்.

நம் நகரங்களில் இப்போது ‘நாட்டு மாட்டுப் பால்’ என்று கண்ணாடிப் புட்டியில் விற்கிறார்கள். ஏ2 என்று பால்புரத வகையின் பெயரும் எழுதியிருக்கும். நாட்டு மாடு என்று அதில் சொல்லியிருக்கும். என்ன தின்றது என்பது தெரியாது. தகரக் கொட்டகையில் குச்சித் தீவனம் தின்ற நாட்டு மாட்டின் பாலும் இயற்கைப் பாலாகிவிடுகிறது. பசும்புல் தின்ற பசுவின் வெண்ணெய் மஞ்சளாக இருக்கும். புல்லிலுள்ள கரோட்டின் பாலில் இறங்குவதால். நம் பாட்டிமார் மார்கழி வெண்ணெயைப் பார்த்தே அறிந்தார்கள். புட்டியில் ஒட்டும் சீட்டில் மாதத்தையும் அச்சிடலாம் என்று ஒரு வியாபாரியிடம் சொன்னேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

7

கடைசியாக, நீங்கள் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி. இரண்டு லிட்டரை வைத்து எப்படிக் குடும்பம் நடத்துவது?

நடத்த முடியாது. இதை இந்த மேடையில் சொல்லாமல் போனால் நான் பொய்யனாவேன். கொறங்காட்டில் பால் எந்நாளும் முதல் வருமானமாக இருந்ததில்லை. கன்றுதான் வருமானம். நல்ல காளைக் கன்றைக் கண்ணபுரம் மாரியம்மன் தேர்ச் சந்தைக்கோ அந்தியூர் குருநாதசுவாமி திருவிழாவுக்கோ ஓட்டிப்போனால் கிடைத்த பணத்தில் கல்யாணம் நடந்திருக்கிறது. எரு இருந்தது, செம்மறி இருந்தது, பால் வீட்டுக்கும் நெய்க்கும் இருந்தது. டிராக்டர் வந்து உழவெருதின் தேவை போனதும் அந்த நாற்காலியின் முதல் கால் உடைந்தது. மீதி மூன்று காலில் நிற்க முடியாமல்தான் காடுகள் மனையிடமாகவும் காற்றாலைக்கும் சூரியத் தகட்டுக்கும் போய்க்கொண்டிருக்கின்றன. 2017இல் ஏறுதழுவுதலுக்காக இளைஞர்கள் திரண்டபோது காங்கேயம் காளைக்குப் பெரிய வெளிச்சம் கிடைத்தது. காளையின் படம் சட்டையில் வந்தது. கொழுக்கட்டைப்புல்லின் படம் வரவில்லை.

எனவே பாசனம் உள்ள, கோ-4 புல் வெட்டிப்போட முடிகிற, பக்கத்திலேயே பால் சங்கம் இருக்கிற விவசாயியிடம் போய்க் கலப்பின மாட்டை விற்றுவிடு என்று சொல்ல எனக்கு மனம் இல்லை. அவருடைய புல்லுக்கு அந்த மாடு பொருந்துகிறது. மானாவாரிக்காரரிடம் அதே மாட்டைக் கடன் போட்டு வாங்க வைப்பதில்தான் எனக்கு வழக்கு. அவரிடம் எத்தனை லிட்டர் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஏக்கருக்கு என்ன மிஞ்சியது, வெளியிலிருந்து என்ன வாங்கினாய், எத்தனை கன்று நின்றது, காட்டில் மரம் எத்தனை என்று கேட்கும் ஒரு படிவம் வேண்டும். பால் விலையில் அந்தக் காட்டைக் காத்ததற்கும் ஒரு பங்கு சேர வேண்டும். எப்படிச் சேர்ப்பது என்பதைப் பொருளியல் படித்தவர்கள் இந்த மேடையிலேயே இன்னொரு ஆண்டு பேசலாம்.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். இது புரட்டாசி. இன்னும் மழை பிடிக்கவில்லை. ஐப்பசி மழை விழுந்து நாற்பது நாள் கழித்து, ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கம்பிச் சட்டம் ஒன்று, ஓர் அரிவாள், சுருள்வில் தராசு, சாக்கு இரண்டு எடுத்துக்கொண்டு காங்கேயம் பேருந்தில் ஏறுங்கள். சட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பத்து இடத்தில் வீசி, விழுந்த இடத்துப் புல்லை அறுத்து எடை போட்டு, வெயிலில் காயவைத்து மறுபடி போடுங்கள். பங்குனியில் அதே காட்டில் மறுபடி செய்யுங்கள். காட்டுக்காரர்களிடம் நான் பேசி வைக்கிறேன். மார்கழி பிறப்பதற்குள் வந்துவிடுங்கள். அப்புறம் படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டுவிடுவார்கள்.